தோட்டத்து மண் பாதைக்கு ஏழடி பின் பிளேடு: வாங்கி, ஓட்டிப் பார்த்த பிறகு

தோட்டத்துக்குள் போகும் மண் பாதையை நம் டிராக்டரை வைத்தே சரி பண்ணிக்கொள்ள என்ன கருவி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். பின்னால் மாட்டும் பிளேடு, ஏழு அடி அகலம், கோணம் திருப்பும் வசதியோடு, ஒரு ஆள் பிடித்து அசைத்தாலும் அசையாத கனத்தில். நான் வாங்கியது எங்கள் பக்கத்துப் பட்டறையில் செய்தது. அதில் குறைகள் உண்டு, எல்லாவற்றையும் சொல்கிறேன். இருந்தாலும் மறுபடி வாங்கச் சொன்னால் இதே வகையைத்தான் வாங்குவேன், சில திருத்தங்களோடு.

எங்கள் இடம் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மாந்தோப்பு, கொஞ்சம் மாடுகள். பஞ்சாயத்து தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் மண் பாதைதான். முதல் பாதி சமதளம், அப்புறம் கரட்டை ஒட்டி ஏற்றம். மேலே செம்மண், கொஞ்சம் சுரண்டினால் மொரம்பும் உருட்டுக்கல்லும். தினமும் பால் வண்டி வரும். மாங்காய் சீசனில் பெங்களூராவும் செந்தூராவும் ஏற்ற ஐச்சர் வரும். பாதையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வண்டிக்காரர் வாடகையே சொல்வார். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். எங்கள் டிராக்டரை, மாசி ஃபெர்குசன் 241-ஐ, ஓட்டுவது நான்தான். அதனால் எந்தக் கருவியானாலும், துணைக்கு ஆள் இல்லாமல் ஒருத்தியே மாட்டிக் கழற்ற முடியுமா என்பதும் எனக்கு ஒரு முக்கியமான கேள்வி.

எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் உண்டு. மொத்த மழை ஒன்றும் பெரிய அளவில்லை. ஆனால் செப்டம்பர், அக்டோபரில் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்கும். அந்த ஒரு ராத்திரி போதும், ஏற்றத்தில் சக்கரத் தடம் ரெண்டும் ஓடையாகிவிடும். காலையில் பார்த்தால் நடுவில் புல் மேடு, இரண்டு பக்கமும் முழங்கால் ஆழப் பள்ளம். பைக்கில் வந்தால் மேட்டில் ஏறி வர வேண்டும், காரில் வந்தால் அடி தட்டும்.

என் மாமனார் ஒரு கருவியின் பெயரையும் சொல்லமாட்டார். “தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு மொதல்ல முடிவு பண்ணும்மா, அப்புறம் கடைக்குப் போ” என்றார். யோசித்துப் பார்த்தால் விஷயமே அவ்வளவுதான். மண் பாதை கெடுவது வண்டி ஓடுவதால் மட்டும் இல்லை, மேலே விழுந்த தண்ணீர் ஓரத்துக்கு இறங்காமல் பாதை நெடுகவே ஓடுவதால். நடு உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்திருந்தால் தண்ணீர் பத்தடிக்குள் வெளியே போய்விடும். கிராவல் ரோடு போடுகிறவர்கள் இந்தச் சரிவை நூற்றுக்கு நான்கு என்று வைப்பார்கள். 12 அடி பாதை என்றால் நடுப்பகுதி ஓரத்தைவிட 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் அதுதான் பாதையைக் காப்பாற்றும். ஆக, எந்தக் கருவி ஓரத்து மண்ணைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளுமோ அதுதான் நமக்கு வேண்டியது. இந்த ஒரு கேள்வியை வைத்துக் கேட்டாலே சந்தையில் உள்ள பாதிக் கருவிகள் கழன்றுவிடும்.

முதலில் கழன்றது ரோட்டோவேட்டர். தோட்டத்தில் இருக்கிறதே, ஒரு ஓட்டு ஓட்டினால் மட்டமாகிவிடுமே என்று தோன்றும். மட்டமாகும், வாஸ்தவம்தான். இறுகிக் கிடந்த மண்ணை மாவாக்கிவிட்டு, அடுத்த மழைக்கு உளைச் சேறாகவும் ஆக்கிவிடும். பாதையில் ரோட்டோவேட்டரை இறக்கவே வேண்டாம்.

ஒன்பது கலப்பை, அதாவது ஒன்பது கொழு வைத்த கல்டிவேட்டர், அப்படி இல்லை, அது பாதைக்கு வேண்டிய கருவிதான், ஆனால் பாதி வேலைக்கு. இறுகின மண்ணைக் கிளறிக் கொடுக்கும், நகர்த்தாது. கலப்பைக்குப் பின்னால் பனங்கட்டையோ பழைய ரயில் தண்டவாளத் துண்டோ சங்கிலியில் கட்டி இழுப்பதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். செலவில்லாத முறை, சமதளத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். ஏற்றத்தில் பலிக்காது. கட்டை மேட்டை அரைத்துப் பக்கத்தில் உள்ள பள்ளத்தில் போடும், அவ்வளவுதான். நடு உயராது.

பெட்டி லெவலர் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் தகடு அடைத்து, மண்ணை அள்ளிக்கொண்டு போய் வேறு இடத்தில் கொட்டுவது. வயல் சமன் செய்ய அதை மிஞ்சிய கருவி இல்லை. பக்கத் தகடு இருப்பதால் மண் சிந்தாமல் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே போகும், முன்னால் பல் வைத்த வகையாக இருந்தால் கிளறவும் செய்யும். கரடுமுரடான பாதையை முதல் தடவை ஒழுங்குபடுத்த இது பிளேடைவிட மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடைத்த பெட்டி, மண்ணைப் பக்கவாட்டில் தள்ள வழியில்லை. நடுமேடு வேண்டும் என்றால் டிராக்டரின் பின் கை ஒன்றை ஏற்றி இறக்கும் லெவலிங் பாக்ஸின் கைப்பிடியைச் சுற்றி, கருவியை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு போகலாம், அப்போதும் ஓரத்து மண் பெட்டிக்குள் சேருமே தவிர நடுவுக்கு வராது. உங்கள் பாதை முழுக்கச் சமதளம், சுற்றிலும் வயல் சமன் வேலையும் இருக்கிறது என்றால் தாராளமாகப் பெட்டியையே வாங்குங்கள்.

முன்னால் மாட்டும் டோசர் பிளேடு பார்க்கக் கம்பீரமாக இருக்கும். முன் சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு முன்பே பிளேடு அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவதால் பழகினவர் கையில் வேலை சுத்தமாக வரும். ஆனால் சேஸிஸ் நெடுக ஃபிரேம் கட்டி, தனியாக ஹைட்ராலிக் குழாய் இழுத்து, முன் அச்சு மேல் எப்போதும் கனத்தைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். செலவும் பின் பிளேடைப் போலப் பல மடங்கு. சாணம், மண் தள்ளுவதை வாடகைத் தொழிலாகவே செய்கிறவர்களுக்குச் சரி, ஒரு தோட்டத்துப் பாதைக்கு இது அதிகம்.

வாடகை ஜேசிபி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லோருடைய முதல் யோசனையும் அதுதான். பிளேடு வாங்குவதற்கு முன் எங்கள் பாதைக்கும் ஒருமுறை வந்தது. ஆபரேட்டர் தம்பி கெட்டிக்காரர்தான், வாளியைத் தரையோடு வைத்துப் பின்னால் இழுத்து இழுத்துத் தகடு மாதிரி மட்டம் பண்ணிக் கொடுத்தார். பார்க்க அழகு. என்ன நடந்தது என்றால், பாதையில் இருந்த மண்ணையெல்லாம் வழித்து இரண்டு ஓரமும் வரப்பாகப் போட்டுவிட்டார். பாதை தோட்டத்து நிலத்தைவிடத் தாழ்ந்துபோனது, ஓரத்தில் கரை கட்டியாகிவிட்டது. இதற்கு வாய்க்கால் என்று பெயர். வந்த முதல் பெருமழையே தார் ரோடு வரை செம்மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கல் பெயர்க்க, பெரிய பள்ளம் மூட, மரம் சாய்ந்தால் நகர்த்த ஜேசிபி வேண்டும். மாதாமாதம் பாதை சீவ அது வேண்டாம். ஒரு மணி நேர வேலைக்குக் கூப்பிட்டாலும் வந்து போகும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பண்ணுவார்கள்.

சரி, பின் பிளேடுக்கு வருவோம்.

கடைகளில் தயாராக வைத்திருப்பது பெரும்பாலும் ஆறடி. எனக்கும் அதைத்தான் காட்டினார்கள். “உங்க வண்டிக்கு ஆறடியே தாராளம்க்கா” என்றார் கடைக்காரர். நேராக வைத்து இழுத்தால் தாராளம்தான். ஆனால் பாதைக்கு நேராக வைத்து இழுக்கப் போவதில்லையே. மண் பக்கவாட்டில் உருள வேண்டும் என்றால் பிளேடை 30 டிகிரியாவது திருப்ப வேண்டும். திருப்பியதும் அகலம் சுருங்கும். ஆறடி பிளேடு 30 டிகிரியில் ஐந்தடி 2 அங்குலம்தான் சீவும். என் வண்டியின் பின் டயர்களை வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் டேப் வைத்து அளந்தால் ஐந்தரை அடி. அப்படியானால் பிளேடு சீவிவிட்டுப் போன பிறகும் டயர் தடத்தின் ஓரம் சீவாமலே நிற்கும். ஏழடி பிளேடு அதே 30 டிகிரியில் ஆறடி வருகிறது, தடத்தை மூடிவிடுகிறது. 45 டிகிரிக்குத் திருப்பினால் அதுவும் ஐந்தடிக்கு இறங்கிவிடும், ஆனால் அவ்வளவு திருப்புவது ஓரக்கால்வாய் எடுக்கும்போது மட்டும்தான். வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் உங்கள் டயர் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். ஏழடி இழுக்க 40 எச்.பி. போதுமா என்று பயப்பட வேண்டாம். ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் சீவுவதற்கு அந்த வண்டிக்கு மூச்சு வாங்காது.

அடுத்து கனம். இது பலருக்குப் புரியாத விஷயம். டிராக்டரின் பின் கைகள் கருவியைத் தூக்கும், ஆனால் கீழே அழுத்தாது. லீவரை முழுக்க இறக்கினாலும் கருவி தன் சொந்தக் கனத்தில்தான் தரையில் உட்காருகிறது. கலப்பைக்கு இது பிரச்சினை இல்லை, கொழுவின் சாய்வே அதை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். பிளேடுக்கு அந்த வசதி கிடையாது. லேசான பிளேடு கோடையில் காய்ந்த செம்மண் மேல் சறுக்கிக்கொண்டே போகும், சத்தம் மட்டும் கேட்கும். கடையில் பார்த்த ஆறடி பிளேடு ஒன்றை ஒரு முனையில் பிடித்து நானே தூக்கிப் பார்த்தேன், எளிதாக எழும்பியது. அதோடு அந்தக் கடையை விட்டுவிட்டேன். பளபளவென்று பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், அது மண்ணை வெட்டாதே.

பட்டறைக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே கிலோ கணக்கில் விலை பேசுவார்கள், கனம் வேண்டும் என்றால் தகட்டின் தடிமனைக் கூட்டச் சொல்லலாம். 10 மி.மீ. தகடு, அடியில் 16 மி.மீ. வெட்டுப் பட்டை, நடுவில் கோணம் திருப்பும் வட்டத் தகடு, எல்லாம் சேர்த்து இருநூறு கிலோவுக்குப் பக்கத்தில் வந்தது. 31,000 ரூபாய் ஆனது. ஏழடி வேண்டும் என்றதும் மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்கம்மா” என்றார். வீட்டுக்காரருக்குப் பிளேடைப் பற்றி என்ன தெரியும், அவர் பாதையில் வருவதே வாரத்துக்கு ஒரு நாள்.

வெட்டுப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டையை அடியில் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் மாதிரிக் கல் பூமியில் அது சீக்கிரம் மழுங்கிப் போகும், பற்றவைத்ததை மாற்றவும் முடியாது. போல்ட் போட்டு முடுக்கிய பட்டையாகக் கேளுங்கள். மேல் கீழ் இரண்டு விளிம்பிலும் கூர் இருந்தால் ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போடலாம். பழைய ரோடு கிரேடரின் பிளேடுத் துண்டு கிடைத்தால் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, அந்த இரும்பின் கடினமே வேறு. எனக்குக் கிடைத்தது.

கருவியை டிராக்டரில் மாட்டும் பின் (pin) அளவும் பார்க்க வேண்டும். கீழ்க் கைகளின் பின் 22 மி.மீ. என்றால் முதல் வகை, 28 மி.மீ. என்றால் இரண்டாம் வகை. பட்டறைக்காரர் கையில் இருக்கும் பின்னைப் போட்டுவிடுவார். 28 துளையில் 22 பின் போட்டு ஓட்டினால் கருவி குதித்துக்கொண்டே வரும், துளையும் நீள்வட்டமாகிவிடும். இப்போது எல்லா டிராக்டரிலும் இருக்கிற, இரண்டு கீழ்க் கையும் ஒரு மேல் கையும் சேர்ந்த இந்த மூன்று புள்ளி இணைப்பைக் கொண்டுவந்தவர் ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். என் வண்டி பானெட்டில் உள்ள பெயரில் பாதி அவருடையது. ஆனால் அவர் வடிவமைத்தது கலப்பைக்காக. அதனால்தான் பிளேடு ஓட்டும்போது நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இந்த வண்டிகளில் இரண்டு லீவர் இருக்கும். டிராஃப்ட் கன்ட்ரோலில் வைத்து ஓட்டினால், இழுவை கூடும்போதெல்லாம் வண்டி தானாகவே கருவியைத் தூக்கும். கலப்பைக்கு அது வரம். பிளேடில் என்ன ஆகும் என்றால் இறுகின இடத்தில் தூக்கிக்கொள்ளும், இளகின இடத்தில் புதைந்துகொள்ளும், பாதை அலை அலையாக வரும். கருவியை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோல் லீவரில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். “பிளேடு வாங்கினேன், பாதை ஒட்டகம் மாதிரி வருது” என்று சொல்கிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் கோளாறு.

மீதிப் பாதிக்குக் கோளாறு கருவியிலேயே இருக்கிறது. பின் பிளேடின் இயல்பான குறை இது: வண்டியின் முன் சக்கரம் மேட்டில் ஏறினால் பின்னால் பிளேடு இறங்கும், சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பிளேடு எழும்பும். அதனால் முதல் தடவை ஓட்டும்போது மேடுபள்ளத்தைப் பிளேடு அப்படியே எதிரொலித்துக்கொண்டு வரும். இதற்கு வழி, ஒரே தடவையில் ஆழமாகச் சீவாமல், கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகப் பலதடவை ஓட்டுவதுதான். லோ கியரில் இரண்டாவது, நடை வேகத்துக்கு மேல் போகாமல். வேகம் கூடினால் பிளேடு துள்ளும், துள்ளின இடமெல்லாம் பிற்பாடு வண்டி ஓடி ஓடிச் துணி துவைக்கும் பலகை மாதிரி குறுக்கு வரியாக மாறும்.

ஓட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கருவியின் தரமே இங்கேதான் தெரியும். நாள் பார்ப்பதுதான் முதல் வேலை. கோடை மழை ஒன்று பெய்து, இரண்டாம் நாள், மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. காய்ந்த மண்ணைச் சீவினால் புழுதிதான் மிஞ்சும், அது மறுபடி இறுகாது. ஈரம் அதிகமாக இருந்தால் டயரே பாதையைக் கெடுக்கும். ஏற்றத்தில் இறுகிப்போன இடங்களை முதலில் ஒன்பது கலப்பையால் பள்ளத்தின் அடிமட்டம் வரை கிளறிக்கொள்வேன். பள்ளத்துக்குள் வெறுமனே மண் போட்டு மூடினால் நிற்காது. பள்ளத்தின் சட்டி மாதிரியான அடி இறுகியே இருக்கும், தண்ணீர் அங்கேதான் தங்கும், போட்ட மண் ஒரு மழையில் வெளியே வந்துவிடும். சுற்றிலும் அதே ஆழத்துக்குக் கிளறிய பிறகு மூடினால்தான் பழசும் புதுசும் ஒட்டும்.

அப்புறம் பிளேடு. வலது ஓரமாகப் போகும்போது பிளேடின் வலது முனை முன்னால் இருக்கும்படி திருப்பி, லெவலிங் பாக்ஸைச் சுற்றி அந்த முனையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். முன் முனை புல் வேரோடு ஓரத்து மண்ணைப் பெயர்க்கும். பெயர்ந்த மண் பிளேடின் வளைவில் சுருண்டு, பாய் சுருட்டுவது போல உருண்டுகொண்டே இடது முனைக்கு வந்து, நடுப்பாதையில் நீளமாக ஒரு வரப்பாக விழும். கல் மாட்டினால் கிறீச்சென்று பல் கூசும் சத்தம் வரும், சில சமயம் கல்லும் கூடவே உருண்டு வந்து வரப்பில் உட்காரும். திரும்பி வரும்போது மறு ஓரம் வலப்பக்கம் வந்துவிடுகிறது, அதனால் கோணத்தை மாற்றாமல் அதேபோல் சீவலாம். இப்போது நடுவில் இரண்டு வரப்பு நிற்கிறது. பிளேடைப் பின்புறமாகத் திருப்பி, அதாவது வளைவின் முதுகு முன்னால் வரும்படி வைத்து, அந்த வரப்பின் மேல் லேசாக இழுத்தால் வெட்டாமல் பரப்பிவிடும். இந்த முதுகுப்பக்க வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடைசியில் ரோலருக்கு எங்கே போவது, மண் ஏற்றிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு, தடம் மாற்றி மாற்றி ஓட்டிவிடுவேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். பாதையைக் குறுக்கே கடக்கும் சொட்டுநீர்க் குழாய், போர் மோட்டார் கேபிள் எல்லாம் எங்கே போகிறது, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கலப்பையை இறக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் மெயின் குழாயை இரும்புக் குழாய்க்குள் நுழைத்து ஒன்றரை அடிக்குக் கீழே இறக்கி, இரண்டு பக்கமும் கல் நட்டு வெள்ளை அடித்து வைத்திருக்கிறோம்.

இனி குறைகள். கோணம் திருப்ப வட்டத் தகட்டில் துளைகளும் ஒரு பின்னும் வைத்திருக்கிறார்கள். துளைகளைத் துரப்பணத்தால் போடாமல் கேஸ் கட்டரில் வெட்டியிருக்கிறார்கள், ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் அடித்துத்தான் பின் இறங்குகிறது. இருநூறு கிலோவைக் கையால் திருப்ப முடியாது. நான் கண்ட வழி, பின்னை எடுத்துவிட்டு, பிளேடின் ஒரு முனையை மண் மேட்டில் லேசாக ஊன்றி வண்டியை ஒரு சாண் நகர்த்தினால் அதுவே திரும்பிக்கொள்ளும். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னைப் போட வேண்டும். எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் தூக்கிய பிளேடுக்கு அடியில் யாரும் குனியாதீர்கள், ஹைட்ராலிக்கை நம்பிக் காலை வைக்க முடியாது.

நிறுத்தி வைக்கக் கால் கொடுக்கவில்லை. கழற்றினால் முகம் குப்புறச் சாய்ந்துவிடும், மறுநாள் மாட்டுவதற்குள் இடுப்பு ஒடியும். இரண்டு கடப்பைக் கல் துண்டை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். வெட்டுப் பட்டையின் போல்ட் தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன, கல் இடித்து இரண்டின் தலை மழுங்கி ஸ்பேனர் பிடிக்காமல் போய்விட்டது. தலை உள்ளே அமுங்கும் கலப்பை போல்ட் போட்டிருக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: டிரில் பண்ணிய துளை, நிறுத்தும் கால், அமுங்கிய போல்ட். அவசரத்தில் அடித்த பெயின்ட் முதல் மழைக்கே உரிந்துவிட்டது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பற்றவைத்த இடங்கள் எதுவும் இதுவரை விடவில்லை, அதற்காக மேஸ்திரிக்கு முழு மதிப்பெண்.

கம்பெனிப் பிளேடா, பட்டறைப் பிளேடா என்றால், பணக் கணக்கும் பார்க்க வேண்டும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் கருவிகளுக்கு மானியம் இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்கும், பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்போடு. ஆனால் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் கருவிக்குத்தான் கிடைக்கும், பட்டறையில் செய்ததற்குக் கிடைக்காது. வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும், வாங்கிவிட்டுப் பில்லோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் கேட்கும் கனமும் அகலமும் அந்தப் பட்டியலில் இருந்தால் மானியத்திலேயே வாங்குங்கள், பாதி விலை என்பது சின்ன விஷயமில்லை. எனக்கு ஏழடிக் கனப் பிளேடு அப்படி அமையவில்லை, அதனால் கைக்காசு போட்டேன். வாங்கவே வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறைதான் வேலை என்றால், அதே துறை டிராக்டரையும் கருவிகளையும் குறைந்த வாடகைக்குத் தருகிறது, உழவன் செயலியில் பதிவு பண்ணலாம்.

பிளேடு இருக்கிற மண்ணைத்தான் நகர்த்தும், இல்லாத மண்ணை உண்டாக்காது. வருடக்கணக்காக மழை அரித்துக்கொண்டு போன பாதையில் புதுசாக ஏதாவது போட்டே ஆக வேண்டும். இங்கே எங்களுக்கு அதிர்ஷ்டம், கிருஷ்ணகிரி, பர்கூர் சுற்றிலும் கிரானைட் குவாரியும் கிரஷரும் இருக்கிறது. ஜல்லி மட்டும் வாங்கிக் கொட்டிவிடாதீர்கள், டயருக்கு அடியில் உருண்டு ஓரத்துக்குப் போய்விடும், பிளேடும் அதைப் பரப்பத் திணறும். கல், மணல், கொஞ்சம் களிச்சத்து மூன்றும் சேர்ந்தால்தான் இறுகும். நாங்கள் கிரஷர் டஸ்ட் கலந்த சின்ன ஜல்லியை ஏற்றத்தில் மட்டும் போட்டு, இருக்கிற செம்மண்ணோடு கலப்பையால் கலந்து, பிளேடால் நடுமேடு எடுத்தோம். சமதளத்துக்கு மொரம்பு மட்டுமே போதுமானதாக இருந்தது. மொரம்பு எடுக்க அனுமதி வேண்டும் என்பதால், பெர்மிட் உள்ள வண்டியில்தான் இறக்க வேண்டும்.

போன பருவமழையில் ஏற்றம் பிழைத்துக்கொண்டது. நடுமேடு கொஞ்சம் அமுங்கியிருந்தது, ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் குறுக்கே வெட்டியிருந்தது, அங்கே சாய்வாக ஒரு குறுக்கு வடிகால் எடுத்துவிட்டேன், அதுவும் இதே பிளேடில்தான். ஐச்சர்காரர் இந்த சீசனில் வாடகையைக் குறைக்கவில்லை, ஆனால் ஏற்றவும் இல்லை.

அடுத்து இதற்குப் பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் வைக்கப் போகிறேன். பிளேடு எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அந்தச் சக்கரமே தாங்கிப் பிடித்தால், அலை வருவது பெரும்பாலும் நின்றுவிடும். மேஸ்திரி பழைய டில்லர் சக்கரம் இருக்கிறது, 6,000-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். துளையை டிரில் பண்ணிக் கொடுத்தால்தான் பேச்சு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இரவல் கேட்கிறார், தாராளமாகக் கொடுக்கிறேன், டீசலும் அவருடையது, டிரைவரும் அவருடையவர். கோணப் பின் மட்டும் திரும்பி வரும்போது கூடவே வர வேண்டும்.